கேட்கும்போது மட்டும்

21 மில்லிமீட்டர் அகலம். 51 மில்லிமீட்டர் நீளம். பச்சைப் பலகை. ராஸ்பெர்ரி பை பிக்கோ.

உள்ளங்கையில் எடை தெரியவில்லை. நடுவில் கறுப்புச் சதுரம், ஆர்பி2040 சிப். இரு ஓரமும் சேர்த்து நாற்பது பின். நகம் உரசினால் மெல்லிய ஒலி.

எதனுடனும் இணைக்கப்படவில்லை. இப்போதைக்கு அது ஒரு பொருள்.

•

சால்டரிங் அயன் சூடேறுகிறது.

63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். 183 டிகிரி. இந்த விகிதத்தில் குழைவு நிலை கிடையாது. திடமாக இருக்கிறது, உடனே திரவமாக இருக்கிறது.

முனை தொடுகிறது. சாம்பல் வெள்ளியாகிறது. முனை விலகுகிறது. பளபளப்பு அப்படியே உறைகிறது.

பைன் மரப் பிசினின் புகை. கண்ணில் லேசான எரிச்சல். மின்விசிறி நிறுத்தப்பட்டிருக்கிறது. கழுத்தில் வியர்வை இறங்குகிறது. இறங்கட்டும்.

•

ஒரு சுவிட்ச். இரண்டு வயர். ஒன்று பலகையின் ஒரு பின்னுக்கு. மற்றது கிரவுண்டுக்கு.

சுவிட்ச் திறந்திருக்கும்போது அந்தப் பின் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. வாசித்தால் 1. மறுபடி வாசித்தால் 0. கை அருகே போனால் மாறுகிறது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் வந்து அதில் படிகிறது.

சிப்புக்குள்ளேயே ஒரு புல்-அப் ரெசிஸ்டர் இருக்கிறது. அதை இயக்க நிரலில் ஒரு வரி. பின் 3.3 வோல்ட்டை நோக்கி இழுக்கப்படுகிறது.

1. 1. 1. 1.

அழுத்தினால் 0. அழுத்தாதபோது 1. முதலில் தலைகீழாகப் படுகிறது. கொஞ்ச நாளில் அப்படிப் படுவதில்லை.

•

விரல் ஒரு முறை அழுத்துகிறது. திரையில் மூன்று முறை.

இன்னொரு முறை. இப்போது ஒன்று. அடுத்தது இரண்டு.

லாஜிக் அனலைசரின் கொக்கி பின்னில் மாட்டப்படுகிறது. திரையில் கோடு. உயர்ந்திருந்த கோடு தாழ்கிறது. உடனே உயர்கிறது. தாழ்கிறது. இரண்டு மெல்லிய முட்கள். பிறகுதான் தாழ்ந்து நிலைக்கிறது.

தகடு தகட்டின்மேல் விழுகிறது. துள்ளுகிறது. மறுபடி விழுகிறது. ஒன்று, இரண்டு மில்லி நொடி. சில சுவிட்சுகளில் ஐந்து, ஆறு. விரலுக்கு இது தெரிவதில்லை. காதுக்கும் தெரிவதில்லை. நொடிக்குப் பன்னிரண்டரை கோடி துடிப்பில் ஓடும் சிப்புக்குத் தெரிகிறது.

பௌன்ஸ் என்கிறார்கள். ஏறக்குறைய எல்லா சுவிட்சிலும் உண்டு. சுவிட்ச் பழசாகும்போது கூடுகிறது.

நிரல் முதல் மாற்றத்தை ஏற்பதில்லை. ஐந்து மில்லி நொடி விட்டு மறுபடி பார்க்கிறது. அப்போதும் 0 என்றால், அழுத்தம்.

அந்த ஐந்து மில்லி நொடியில் ஆறே கால் லட்சம் துடிப்பு கடந்துபோகிறது.

•

காத்திருப்பதில் இரண்டு வகை.

ஒன்று, அங்கேயே நிற்பது. மற்றது, நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போய்த் திரும்புவது. தொடக்கப் பாடங்கள் எல்லாம் முதல் வகையைக் கற்றுத் தருகின்றன. எல்இடி மினுக்குவதற்கு அது போதும். கணினியோடு பேசும் சாதனத்துக்கு அது ஆகாது. கேள்வி வரும் நேரத்தில் நிரல் எங்கோ உறைந்து நின்றால், மறுமுனையில் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு.

•

யுஎஸ்பி கேபிளின் தோல் உரிக்கப்பட்டிருக்கிறது. உள்ளே நான்கு நிறம்.

சிவப்பு, 5 வோல்ட். கறுப்பு, கிரவுண்ட். வெள்ளை, டி மைனஸ். பச்சை, டி பிளஸ்.

வெள்ளையும் பச்சையும் முறுக்கிக்கொண்டு போகின்றன. ஒன்று உயரும்போது மற்றது தாழ்கிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய சமமாக ஏறுகிறது. வித்தியாசத்தை மட்டும் பார்க்கும் மறுமுனைக்கு அந்த இரைச்சல் இல்லை.

•

யுஎஸ்பி-ஏ முனைக்குள் நான்கு தகடு. ஓரத்து இரண்டும் சற்று நீளம். செருகும்போது முதலில் மின்சாரம் சேர்கிறது. தகவல் வழி பிறகு.

எவ்வளவு பிறகு? கை செருகும் வேகத்தைப் பொறுத்தது.

•

சில கேபிள்களில் இரண்டே வயர். விளக்கு எரிகிறது. கணினியில் எதுவும் தோன்றுவதில்லை. மேல்தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சென்னை ரிச்சி தெருவில் கேபிள் கேட்டால் கடைக்காரர் தலை நிமிராமல் கேட்கிறார். "டேட்டாவா, சார்ஜிங் மட்டுமா?"

•

கணினிப் பக்கத்தில் இரண்டு வயரும் 15 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டோடு கட்டப்பட்டிருக்கின்றன. யாரும் இல்லாதபோது இரண்டும் தாழ்ந்தே கிடக்கின்றன.

சாதனத்தின் பக்கத்தில் ஒரு 1.5 கிலோ ஓம். டி பிளஸ்ஸை மேலே இழுத்தால், நொடிக்கு 1.2 கோடி பிட் வேகத்தில் பேசக்கூடிய ஒன்று வந்திருக்கிறது என்று பொருள். டி மைனஸை இழுத்தால் 15 லட்சம் பிட்.

ஒரு ரெசிஸ்டர் எந்தப் பக்கம் என்பதில் அது முடிந்துவிடுகிறது. சாதனம் தானாகச் செய்யக்கூடியது ஏறக்குறைய இவ்வளவுதான். இதற்குப் பிறகு எல்லாம் கேட்டால்தான்.

•

கணினி இரண்டு வயரையும் தாழ்த்துகிறது. பத்து மில்லி நொடிக்குக் குறையாமல்.

ரீசெட்.

சாதனம் அதுவரை எதை நினைவில் வைத்திருந்தாலும் இப்போது முகவரி பூஜ்யம்.

கேள்வி வருகிறது. ஊர் எல்லைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கேட்பதுபோல. யார் வீட்டுப் பிள்ளை. எங்கிருந்து வரவு. எதற்கு வந்தது.

பதில் 18 பைட்.

முதல் பைட்டே 18. எத்தனை பைட் வரப்போகிறது என்பது முதலில் சொல்லப்படுகிறது. அடுத்தது 1, இது சாதன விவரம் என்று. பிறகு எந்தப் பதிப்பு யுஎஸ்பி. எட்டாவது பைட்டில், ஒரு தடவையில் எத்தனை பைட் தாங்கும் என்பது. இந்தப் பலகைக்கு 64. கணினி பெரும்பாலும் முழு விவரத்தையும் எதிர்பார்ப்பதற்கு முன் இந்த எட்டாவது பைட்டைத்தான் தேடுகிறது. எவ்வளவு தாங்கும் என்று தெரிந்த பிறகு மிச்சத்தைக் கேட்கிறது.

இந்த வரிசையில் ஒரு மரியாதை இருப்பதாகத் தோன்றுகிறது. தோன்றுவது கடந்துபோகிறது. இது ஒரு நெறிமுறை.

•

கணினி ஓர் எண் தருகிறது. முகவரி.

இதை வாங்கிக்கொண்டதாகச் சொல்லும் பதில் பழைய முகவரியிலிருந்தே போக வேண்டும். பூஜ்யத்திலிருந்து. அந்தப் பதில் போய்ச் சேர்ந்த பிறகே புதிய எண்ணுக்கு மாற வேண்டும். எண் கிடைத்த கணமே மாறிவிட்டால், பூஜ்யத்தில் கணினி காத்திருக்கிறது, அங்கே யாரும் இல்லை.

டைனியுஎஸ்பி போன்ற நூலகங்கள் இதைப் பார்த்துக்கொள்கின்றன. நூலகம் இல்லாமல் கீழிருந்து எழுதிப் பார்ப்பவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

நூலகத்தோடு தொடங்குவதில் குறைவொன்றும் இல்லை. பிறகு ஒரு நாள் அதைத் திறந்து படிக்கலாம்.

•

எல்லாம் சரியாக இருந்தால் திரையில் ஒரு வரி. புதிய சாதனம், எண் 7.

கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினால் 8.

•

சரியாக இல்லாதபோது லினக்ஸ் கெர்னலின் பதிவில் வேறு வரிகள் வருகின்றன.

-71. நெறிமுறைப் பிழை.
-110. காத்திருந்து நேரம் போயிற்று.
-32. சாதனம் மறுத்தது.

விண்டோஸில் இவை பெரும்பாலும் ஒரே எண்ணில் வந்து விழுகின்றன. 43.

கற்பவருக்கு லினக்ஸே நல்லது. அது என்ன நடந்தது என்று சொல்கிறது.

-71-ஐப் பார்த்தபடி கொஞ்ச நேரம். அந்த எண்ணில் கோபம் இல்லை. பார்க்கிற மனதில் கொஞ்சம் இருக்கிறது. அதுவும் பார்க்கப்படுகிறது.

•

நான்கு பைட்.

05 01 09 06.

மேசைமேல் பயன்படும் வகை. அதில் விசைப்பலகை. அவ்வளவையும் அந்த நான்கு பைட் சொல்லிவிடுகின்றன. எளிய விசைப்பலகையின் முழு விவரிப்பும் 63 பைட்டில் அடங்குகிறது. தனி டிரைவர் வேண்டாம். இந்த வகையோடு பேசத் தெரிந்த நிரல் எல்லாக் கணினியிலும் ஏற்கெனவே இருக்கிறது.

கணினி சரிபார்ப்பதில்லை. ஒரே ஒரு சுவிட்ச் உள்ள பச்சைப் பலகை தன்னை விசைப்பலகை என்கிறது. கணினி நம்புகிறது. 2014-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கார்ஸ்டன் நோலும் யாகோப் லெல்லும் லாஸ் வேகாஸ் பிளாக் ஹாட் மாநாட்டில் காட்டியது இந்த நம்பிக்கையைத்தான். பென்டிரைவ் போலத் தெரிவது விசைப்பலகையாகத் தன்னை அறிவித்துக்கொண்டு தானே தட்டச்சு செய்யும். கீழே கிடக்கும் பென்டிரைவை எடுத்துச் செருகக் கூடாது என்பது இதைக் கற்ற பிறகு வேறு மாதிரி கேட்கிறது.

•

எட்டு பைட். ஓர் அறிக்கை.

முதல் பைட்டில் ஷிப்ட், கண்ட்ரோல், ஆல்ட். இரண்டாவது பைட் ஒதுக்கி வைக்கப்பட்டது. அதில் 0. மீதி ஆறில், அழுத்தியிருக்கும் விசைகளின் எண்கள்.

விரல் அழுத்துகிறது.

0 0 11 0 0 0 0 0

திரையில் க.

க க க க க க க

விரல் எடுத்தாயிற்று. எழுத்து நிற்கவில்லை. விட்டதைச் சாதனம் சொல்லவில்லை. சொல்லாதவரை கணினிக்கு விரல் இன்னும் அங்கேயே இருக்கிறது.

0 0 0 0 0 0 0 0

நின்றது.

•

11 என்பது க அல்ல. ஆங்கில அமைப்பில் எச் இருக்கும் இடம். தமிழ்99 அமைப்பில் அதே இடத்தில் க. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. அது கணினிக்குள் இருக்கிறது. பலகைக்குள் இல்லை.

11. பிறகு 9. திரையில் க்.

56. திரையில் ழ.

அமைப்பை மாற்றினால் அதே 56, ஒரு சாய்வுக் கோடு. பலகை தமிழும் அனுப்பவில்லை, ஆங்கிலமும் அனுப்பவில்லை.

•

ஆறு விரல் ஆறு விசையில். ஆறு எண்ணும் நிரம்பியிருக்கின்றன. ஏழாவது விரல் அழுத்துகிறது.

எளிய அறிக்கையில் அதற்கு இடம் இல்லை. ஏழாவதை மட்டும் விட்டுவிடுவதும் முறையில்லை. ஆறு இடத்திலும் 1 அனுப்பப்படுகிறது. இடம் போதவில்லை என்பதற்கான எண் அது. கணினி எந்தப் புது விசையையும் எழுதாமல் இருக்கிறது.

1 1 1 1 1 1

•

மவுஸ் அசையவில்லை. கை அதன்மேல் இல்லை.

கணினி கேட்கிறது. ஏதாவது உண்டா?

நாக்.

எட்டு மில்லி நொடி.

கேட்கிறது.

நாக்.

எட்டு மில்லி நொடி.

சாதாரண மவுஸை நொடிக்கு 125 தடவை கேட்கிறார்கள். ஒரு மணி நேரம் யாரும் தொடாவிட்டால் நாலரை லட்சம் கேள்வி, நாலரை லட்சம் நாக். அறை முழுக்க அமைதியாக இருக்கிறது.

பதிலே வராமல் போவதும் நாக்கும் ஒன்றல்ல. பதில் வராவிட்டால் அது பிழை. கணினி திரும்பக் கேட்கும், சில முறைக்குப் பின் கைவிடும். நாக் பிழையல்ல. சாதனம் இருக்கிறது, கேள்வி காதில் விழுந்தது, தர ஒன்றும் இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் கணினி குறைப்பட்டுக்கொள்வதில்லை.

புறச் சாதனம் செய்யக் கற்பதில் பெரும்பகுதி இதைச் சரியாகச் சொல்லக் கற்பதுதான் என்று இப்போது படுகிறது. விசை, குமிழ், விளக்கு எல்லாம் மிச்சம்.

•

நாக்கின் பைட்.

01011010

முதல் நான்கு பிட் 0101. அடுத்த நான்கு அவற்றின் எதிர். 1010. வழியில் ஒரு பிட் கெட்டாலும் இரண்டு பாதியும் ஒத்துப்போகாது, கண்டுபிடித்துவிடலாம்.

முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் அதே.

•

வயரில் 1 என்பது மாறாமல் இருப்பது. 0 என்பது மாறுவது.

1 1 1 1 1 1 என்று ஆறு வந்தால் வயர் ஆறு பிட் நேரமும் அசையாமல் கிடக்கிறது. அசைவைப் பார்த்துத்தான் மறுமுனை தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறது. நீண்ட அசைவின்மையில் நேரம் தவறிவிடும். அதனால் ஆறுக்குப் பின் ஒரு 0 செருகப்படுகிறது. பெறுபவர் அதை எண்ணி எடுத்து எறிந்துவிடுகிறார்.

அந்த 0 செய்தியின் பகுதி அல்ல.

•

யுஎஸ்பி வன்பொருளே இல்லாத சின்ன ஏவிஆர் சிப். வியன்னாவில் உள்ள ஆப்ஜெக்டிவ் டெவலப்மெண்ட் எழுதிய வி-யுஎஸ்பி. வெறும் நிரலாலேயே அந்தச் சிப்பைப் பேச வைக்கிறது.

12 மெகாஹெர்ட்ஸ். ஒரு பிட்டுக்கு எட்டே துடிப்பு. அதற்குள் வயரைப் படிக்க வேண்டும். மாறியதா என்று பார்க்க வேண்டும். செருகிய 0-வை நீக்க வேண்டும். சேமிக்க வேண்டும். அசெம்பிளி வரிகள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் துடிப்பு எண்ணப்பட்டிருக்கிறது.

படிக்கும்போது மூச்சு தானாக எண்ணிக்கையோடு போகிறது. எட்டு. எட்டு. எட்டு.

•

இருபத்து நான்கு மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர். மலிவானது. 15 லட்சம் பிட் வேகத்தில் ஒரு பிட்டுக்குப் பதினாறு மாதிரி கிடைக்கிறது. கோடு தெளிவாக இருக்கிறது. 1.2 கோடியில் இரண்டே மாதிரி. விளிம்பு எங்கே என்று சொல்ல முடிவதில்லை.

வேகம் குறைந்த சாதனத்தில் தொடங்கினால் கண்ணால் பார்த்துக் கற்கலாம்.

•

1964. கலிபோர்னியா. முதல் மவுஸ். டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் எண்ணம், பில் இங்கிலிஷின் கைவேலை. மரத்தாலான மேற்கூடு. அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரம். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர். மேலே ஒரு பொத்தான்.

சிப் இல்லை. முகவரி இல்லை. யார் என்று யாரும் கேட்கவில்லை.

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அது மேடையேறியது.

•

8085 மைக்ரோபிராசசர் கிட். ஏழு கோட்டில் எரியும் சிவப்பு எண்கள். பட்டையான கேபிள். லேபின் பழைய ரெகார்டு நோட்டு வாசனை.

8255 சிப்பில் 40 பின். வெளியுலகுக்கு 24 வழி, மூன்று போர்ட். 80 ஹெக்ஸ் எழுதினால் மூன்றும் வெளியே பார்க்கின்றன. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இந்த 80-ஐ மனப்பாடம் செய்யாமல் வைவாவுக்குப் போனவர் குறைவு. ஏன் 80 என்று கேட்டவரும் குறைவு. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் ஏழாவது பிட் 1, மற்றதெல்லாம் 0. அதுதான் காரணம். ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

சொல்லாமல் விட்டது ஒரு தலைமுறைக்குச் செய்த அநியாயம். இந்த எண்ணமும் வந்து போகிறது. போகும்போது மற்றவற்றைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போகிறது.

•

கணினியின் முதுகில் 25 பின் பேரலல் போர்ட். எட்டு வயர். 378 ஹெக்ஸ் முகவரியில் ஒரு பைட். டர்போ சி-யில் ஒரு வரி. எட்டு எல்இடி எரிகிறது.

அறிமுகம் கிடையாது. பின்வந்த விண்டோஸ்கள் சாதாரண நிரலை அவ்வளவு அருகே விடவில்லை. பிறகு அந்தப் போர்ட்டே மறைந்துபோயிற்று.

ஜான் ஆக்சல்சன் எழுதிய 'பேரலல் போர்ட் கம்ப்ளீட்'. அவரே எழுதிய 'யுஎஸ்பி கம்ப்ளீட்'. இரண்டாவது தடிமன் அதிகம்.

•

1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த பிஎஸ்/2 விசைப்பலகை கேட்காமலே பேசும். வட்ட முனை, ஆறு பின். விசை அழுங்கியதும் விசைப்பலகையே கடிகாரத் துடிப்பை எழுப்பும். கணினி செய்துகொண்டிருப்பதை நிறுத்தித் திரும்பிப் பார்க்கும்.

யுஎஸ்பி விசைப்பலகைக்கு அந்த உரிமை இல்லை. அழுத்தியது தெரிந்தும் கேள்வி வரும்வரை அதை உள்ளே வைத்திருக்கிறது.

•

1996 ஜனவரி. யுஎஸ்பியின் முதல் விதிநூல். இன்டெலில் இந்த வேலையை முன்னின்று நடத்தியவர்களில் அஜய் பட் முக்கியமானவர். பரோடாவில் படித்தவர். 1998-இல் ஐமேக் பழைய முனைகளைக் கைவிட்டு யுஎஸ்பிக்கு மாறியது.

எந்தப் பக்கமாகவும் செருகும்படி செய்தால் வயர்களும் செலவும் கூடியிருக்கும் என்று அஜய் பட் பின்னாளில் சொன்னார்.

முனையைச் செருகுகிறது கை. போகவில்லை. திருப்புகிறது. போகவில்லை. மறுபடி திருப்புகிறது. போகிறது.

•

எந்தப் பக்கமும் செருகலாம் என்றான பிறகு, யுஎஸ்பி-சி-யில் 24 பின். எது மேல் எது கீழ் என்று அறிய இரண்டு சிசி பின். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 5.1 கிலோ ஓம்.

2019-இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 4-இன் முதல் பலகைகளில் இரண்டு பின்னுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர். சாதாரண கேபிள்களில் பிரச்சினை இல்லை. உள்ளே சிப் வைத்த கேபிள்களில் பலகைக்கு மின்சாரமே வரவில்லை. அடுத்த பதிப்பில் இரண்டு ரெசிஸ்டர்.

ஒரு ரெசிஸ்டரின் விலை பைசாக் கணக்கு.

•

குமிழ். வலப்பக்கம் ஒரு அடி திரும்புகிறது. விரலில் மெல்லிய தடுப்பு, பிறகு விடுதலை.

உள்ளே இரண்டு தொடுமுனை.

00 01 11 10 00

எந்த அடியிலும் ஒரு பிட் மட்டுமே மாறுகிறது. பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் கிரே இந்த வரிசைமுறைக்கு 1953-இல் காப்புரிமை பெற்றார். இடப்பக்கம் திருப்பினால் வரிசை பின்னோக்கிப் போகிறது. எந்தத் தொடுமுனை முந்துகிறது என்பதில் திசை இருக்கிறது.

திருப்பித் திருப்பிப் பார்ப்பதில் கை நின்றுவிடுகிறது. வேலை ஒன்றும் நடக்கவில்லை.

•

பிக்கோ பலகையின் பொத்தானை அழுத்தியபடி கேபிளைச் செருகினால் கணினியில் ஒரு பென்டிரைவ் தோன்றுகிறது. புதிய யுஎஃப்2 கோப்பை அதில் இழுத்துப் போட்டால் பென்டிரைவ் மறைகிறது. அதே பலகை இப்போது விசைப்பலகை. வேறொரு கோப்பு போட்டால் மவுஸ். இன்னொன்றில் மிடி இசைப்பெட்டி.

பென்டிரைவாகத் தோன்றும் பகுதி ரோமில் இருக்கிறது. எவ்வளவு மோசமான நிரல் எழுதினாலும் அது அழிவதில்லை. எப்போது வேண்டுமானாலும் அங்கே திரும்பலாம். கற்பவரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

•

ஒவ்வொரு மில்லி நொடியும் கணினி ஓர் எண்ணைத் தடத்தில் சொல்கிறது.

2045. 2046. 2047. 0. 1.

இரண்டு நொடிக்குச் சற்று மேல் ஒரு சுற்று. 1.2 கோடி பிட் வேகத்தில் பேசும் சாதனங்கள் கேட்கின்றன. எதுவும் பதில் சொல்லத் தேவையில்லை.

•

அந்த எண்ணும் நின்றுவிட்டால்.

மூன்று மில்லி நொடி தடத்தில் எதுவும் இல்லையென்றால் சாதனம் உறங்கப் போக வேண்டும். 500 மில்லி ஆம்பியர்வரை எடுத்துக்கொள்ள அனுமதி பெற்றிருந்த சாதனமும் 2.5 மில்லி ஆம்பியருக்குள் இறங்க வேண்டும். விளக்கை அணைக்க வேண்டும். சிப்பின் துடிப்பைக் குறைக்க வேண்டும்.

இந்த நிலையில் மட்டும், கணினி முன்பே அனுமதித்திருந்தால், சாதனம் முதலில் அசையலாம். உறங்கும் கணினியை ஒரு விசை எழுப்புவது அப்படித்தான்.

மடிக்கணினி மூடப்படுகிறது. பலகையின் எல்இடி எரிந்துகொண்டே இருக்கிறது. உறங்கும் பகுதி இன்னும் எழுதப்படவில்லை.

•

சாதனத்துக்கு இரண்டு எண் வேண்டும். உற்பத்தியாளர் எண், பொருள் எண். முதல் எண்ணை யுஎஸ்பி-ஐஎஃப் அமைப்பு பணத்துக்குத் தருகிறது. மேசையில் ஒற்றைச் சாதனம் செய்பவருக்கு அது பெரிய தொகை. திறமூலமாக வெளியிடுபவர்களுக்கு 1209 என்ற எண்ணின் கீழ் ஒரு பொருள் எண் இலவசமாகக் கிடைக்கிறது.

பெயர் என்ன வைப்பது என்று அந்த இடத்தில் நிரல் கேட்கிறது. இரட்டை மேற்கோள் குறிகளுக்கு நடுவில் வெற்றிடம். கர்சர் மினுக்குகிறது.

வெற்றாகவே விடலாம். விதி அதை அனுமதிக்கிறது. பெயர் கட்டாயமில்லை.

•

சர்க்யூட் சின்னது. ஒரு சுவிட்ச், ஒரு பலகை, ஒரு கேபிள். இதில் கற்க இருப்பது இன்னும் தீரவில்லை. குமிழும் திரையும் வண்ண விளக்கும் சேர்த்த அழகான பெட்டிகளின் படங்கள் கண்ணில் படுகின்றன. ஆசை வருகிறது. கைகள் அந்த ஒரே சுவிட்சில் இருக்கின்றன.

முதல் சாதனத்துக்கு ஒரு விசை போதும்.

•

யுஎஸ்பி 2.0 விதிநூல், ஏப்ரல் 2000. 650 பக்கம். இலவசமாகவே கிடைக்கிறது.

பெரும்பகுதி ஹப் செய்பவர்களுக்கும் கணினிப் பலகை செய்பவர்களுக்கும். சாதனம் செய்யப் புதிதாக வருபவருக்கு வேண்டியது 9-ஆம் அத்தியாயம். நாற்பது பக்கத்துக்கும் குறைவு. மற்றவற்றைத் தேவை வரும்போது படித்துக்கொள்ளலாம்.